வாலுல கிளி போட்ட பிளேன்

எந்திரிக்காதீங்க அண்ணாச்சி, எந்திரிக்காதீங்க. இப்பதான் நான் எந்திரிச்சு வாங்கிக் கட்டிக்கிட்டேன். "ஸார்... ப்ளீஸ் ஸார்... விமானம் முழுமையாக நிற்கும் வரை இருக்கையில் அமர்ந்திருக்கவும் ஸார்..." எப்படி? அந்தப் பொண்ணு மாதிரியே இருக்கா? மூக்குல இருந்து வரணும் அண்ணாச்சி, தொண்டையில இருந்து வந்தா எடுபடாது. நான் கேட்டேன், ஏம்மா, முழுமையாத்தானம்மா நிக்குது? இதுக்கு மேல எப்படி நிக்கும்? நட்டு வச்ச மாதிரில்லா நிக்குது! அந்தப் பிள்ளை சிரிக்கல. சிரிச்சா சம்பளத்துல பிடிப்பானுவ போல.

அந்தா பாருங்க, ஜன்னல் வழியா. கண்ணாடிக் கட்டடம் தெரியுதா? அதுக்கு வெளியதான் எம் பொண்டாட்டி நிக்கா, எம் மவ நிக்கா. ஒரு கூப்பாடு போட்டா கேட்டுரும். தரைக்கு வந்தாச்சு, மெட்ராஸு வந்தாச்சு, எறங்கத்தான் விடமாட்டேங்கான். ஆகாசத்துல அவ்வளவு நேரம் வட்டமா சுத்தினானே, அப்பக்கூட எனக்கு ஒண்ணும் தோணல. சுத்திப் பாக்கட்டும்னு விட்டுட்டேன். எறங்கின பெறகு அடைச்சு வைக்கதுதான் தாங்கல.

நீங்க மெட்ராஸா? பாத்தாலே தெரியுது. எங்க தூத்துக்குடிக்கு வேலையா வந்தியளோ? நம்ம பேரு ரொசாரி. மீன்பிடித் துறைமுகத்துல ஏலம் விடுறவன். ரொசாரின்னு கேட்டா எவனுக்கும் தெரியாது, ரேடியோன்னு கேளுங்க, கொழந்தப்புள்ளகூட வழி காட்டும். கலெக்டர் மாதிரி பேசுவேன், பங்குச் சாமியார் மாதிரி பேசுவேன், கேரளா யாவாரி மாதிரி பேசுவேன். ஏலத்துல மலையாளத்தான் ஒரு வெலை கேப்பான், அவன் கொரல்லயே அதுக்கு மேல ஒரு வெலைய நான் சொல்லிருவேன். அவனே கொழம்பிப் போயி, "ஞான் பறஞ்ஞோ?"ன்னு பக்கத்துல உள்ளவன்கிட்ட கேப்பான். ஹா... ஹா... சிரிங்க அண்ணாச்சி, இங்க சிரிக்கதுக்கு பெல்ட்டு தடையில்ல.

ஒரு ஒத்தாசை கேக்கணும். கதவு தெறந்ததும் என்னய மொதல்ல விட்டுருங்க. நீங்க ஜன்னல் சீட்டு, நான் வழிச் சீட்டு, எப்படியும் நான்தான் முன்ன. ஆனாலும் முன் சீட்டுக்காரங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வச்சிருக்கேன். எம் மவ ஜெனோவா, ஜெனோன்னு கூப்பிடுவோம், நர்ஸு. ஜெர்மனிக்குப் போறா. இங்கருந்து பம்பாய், அங்கருந்து ஜெர்மனி. பம்பாய் பிளேனுக்கு உள்ள போகணும், ஆனா அப்பாவப் பாத்துட்டுத்தான் போவேன்னு வாசல்லயே நிக்கா. கடைசி நிமிசம் வரைக்கும் நிப்பாளாம். போனா மூணு வருசத்துக்கு வரமுடியாதாம்.

அந்த வாசம் நம்ம பைதான் அண்ணாச்சி, தப்பா எடுத்துக்காதீங்க. நெத்திலிக் கருவாடு. செக்கிங்ல ஒருத்தன் மோந்து பாத்துட்டு மொகத்த இப்படி வச்சான் பாருங்க, இப்படி, ஜெலுசில் குடிச்ச மாதிரி. "யே க்யா ஹை?"ன்னான். நானும் அவன் மாதிரியே, "யே மேரா பேட்டி ஹை"ன்னு சொல்லிட்டேன். மவளுக்குக் கொண்டு போறேன்னு சொல்ல வந்தது. கருவாடுதான் எம் மவங்கிற மாதிரி ஆயிப்போச்சு.

ஏம்மா! ஏம்மா தங்கச்சி! இன்னும் எவ்வளவு நேரம்மா? ... ம்? ... சரி, சரி, உக்காந்துட்டேன்.

என்ன சொல்லுது தெரியுமா? நாம நிக்கவேண்டிய எடத்துல இன்னொரு பிளேன் நிக்குதாம். அது போனாத்தான் நாம போகணுமாம். அது ஏன் போகலைன்னா, அது போற பாதையில வேற பிளேன் வரிசையா நிக்குதாம். எல்லாம் நம்மள மாதிரி குட்டி குட்டி பிளேனு. அங்க பாருங்க, ஒண்ணு, அதுக்குப் பின்னால ஒண்ணு, அதுக்கும் பின்னால ஒண்ணு. பள்ளிக்கூடத்துல ஒண்ணுக்குப் போக வரிசையில நிக்க சின்னப் பிள்ளைய மாதிரி நிக்குது.

இது எனக்குப் புரியும் அண்ணாச்சி. படிப்பு வராது, ஆனா இது படகு அணையுற எங்க ஜெட்டியிலயும் நடக்கதுதான். லாஞ்சுன்னு பெரிய விசைப்படகு வந்தா ஒரு கப்பல் மீனக் கொட்டும். வள்ளம் வந்தா நாலு கூடை. ஆனா வள்ளம் சின்னதுன்னு ஜெட்டியில கொஞ்சமாவா எடம் கேக்கும்? அதுக்கும் ஒரு கயிறு, அதுக்கும் ஒரு மொறை, அதுக்கும் ஒரு ஏலம். பின்னால லாஞ்சுக்காரன் நின்னு ஹாரன் அடிப்பான், "வே ரேடியோ, மொறம் மாதிரி நிக்க அந்தச் சொளவ அங்கிட்டு தள்ளும்வே!" அதே கதைதான் இங்கயும். இந்தக் குட்டி பிளேனுக்கும் அதே ரோடு, அதே மொறை. எரநூறு பேரு வாரதும் ஒரு எறக்கம்தான், நாம அம்பது பேரு வாரதும் ஒரு எறக்கம்தான். இதுல இன்னொண்ணு. பெரிய பிளேன் போன தடத்துல சின்னது ஒடனே போகக்கூடாதாம். காத்து சுழட்டி அடிச்சிருமாம். லாஞ்சு போன அலையில வள்ளம் குலுங்கும்ல, அது மாதிரி. அதனால எடவெளி விட்டு விட்டு வரணும். அப்பம் வரிசை நீளாம என்ன செய்யும்?

இந்தச் சின்ன பிளேனக் கண்டுபிடிச்சவனக் கட்டி வச்சு ஒதைக்கணும் அண்ணாச்சி. ஒரு பெரிய பிளேன் விட்டா போதாது? எதுக்கு நாலு சின்னது?

அத ஏன் கேக்கிய. போன வருசம் ஊருல யாவாரிங்க கூட்டம் ஒண்ணு போட்டாவ. பிளேன் கம்பெனிலருந்து டை கட்டின பயலுவ வந்திருந்தானுவ. பெரிய பிளேன் ஒண்ணு விடவா, சின்னது நாலு விடவான்னு கேட்டானுவ. பெரியவங்கல்லாம் யோசிக்கியாவ, நான் கடைசி வரிசையில இருந்து ஏலம் விடுற மாதிரியே எடுத்து விட்டேன் பாருங்க, "நாலு ஒரு தரம்! நாலு ரெண்டு தரம்! நாலு மூணு தரம்!" கூட்டம் கைதட்டிச் சாயுது! நாலுன்னே முடிவாச்சு. மைக்கே இல்லாம சொன்னேன் அண்ணாச்சி. அதுதான் நம்ம கொரலு.

என்ன பாக்கிய? அது வேற, இது வேற. எங்க தொழில்ல நாலு வள்ளம் வந்தா நாலு ஏலம்லா.

பொறுங்க, போன் அடிக்கி. பொண்டாட்டி. சகாயம். சொல்லு சகாயம்... வந்துட்டேன்... வந்துட்டேன்னா வந்துட்டேன்தான்... எங்கன்னா, பிளேனுக்குள்ள... இல்ல, பிளேன் தரையிலதான் நிக்கி... ஏன் எறங்கலைன்னா நான் என்ன செய்ய, நானா ஓட்டுறேன்?... பஸ்ஸா இது, டிரைவர் அண்ணாச்சி ஸ்டாப்பிங் இல்லாட்டாலும் எறக்கி விடுங்கன்னு கேக்க?... அவ நிக்காளா?... ம்... ம்... சரி, வை.

"ஒங்களுக்குன்னு வந்து சேருது பாருங்க"ங்கா. எனக்குன்னா சேருது? எல்லாருக்கும்தான் சேருது. இப்படித்தான் அண்ணாச்சி, எது நடந்தாலும் எம் மேல. நேத்து ரயில்லயே தாயும் மவளும் மெட்ராஸுக்கு வந்துட்டாவ. நான் வரலைன்னுட்டேன். எனக்கும் ரோசம் இருக்குல்லா? மூணு மாசமா எம் மவ எங்கிட்ட பேசல. சோறு போடுவா, பேசமாட்டா. மாத்திரை எடுத்துத் தருவா, பேசமாட்டா. நான் யாரு மாதிரியாவது பேசி சிரிக்க வைக்கப் பாப்பேன். சின்னதுல அவ அழுதா டாக்டர் மாதிரி பேசுவேன், கொரங்கு மாதிரி பேசுவேன், ஒடனே சிரிச்சிரும். இப்பம் எந்திரிச்சு உள்ள போயிருவா. காலம்பற ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தா. அதக் கேட்டுட்டுத்தான் மச்சான் கையில கால்ல விழுந்து இந்த டிக்கெட்ட எடுத்தேன். போட்டுக் காட்டவா? கேளுங்க.

"அப்பா, வாங்க. ஆனா ஒங்க கொரல்ல பேசுறதா இருந்தா மட்டும் வாங்க."

அவ்வளவுதான். எங் கொரலாம். இத்தனை கொரலு பேசுறேனே, எல்லாம் எங் கொரலுதானே? எதச் சொல்லுதா? புரிஞ்சா சொல்லுங்க அண்ணாச்சி.

அப்படி என்ன பெரிய கோவம்னு கேப்பிய. சொல்லுறேன், நீங்களே ஞாயம் சொல்லுங்க. நாம எங்க போகப்போறோம், பெல்ட்டு போட்டு கட்டிப் போட்டிருக்கான்.

ஜெனோவுக்கு ஒரு மாப்பிள்ளை பாத்தோம். ஆல்வின்னு பேரு. கப்பல்ல வேலை. பய அப்பம் சிங்கப்பூர்ல நிக்கான், கப்பல் ஏறப் போறான். அவன் அப்பா சூசை மாமா மட்டும் நம்ம வீட்டுல பேசி முடிக்க வந்தாவ. நல்ல மனுசன். ஆனா முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல ஒரு சந்து அண்ணாச்சி. வாயத் தெறந்தா விசிலு. "ஸ்ஸாப்பாடு ஸ்ஸூப்பரா இருக்கு ஸ்ஸம்பந்தி." எப்படி? அவரு பேச பேச எனக்கு நாக்கு நமநமங்கி. அடக்கிக்கிட்டு இருக்கேன். சகாயம் அடுப்படியில இருந்து கண்ணாலயே மெரட்டுதா. அடக்கிக்கிட்டே இருக்கேன்.

சாப்பிட்டு முடிச்சு அவரு கைகழுவப் பின்னால போயிட்டாரு. போன இங்க சார்ஜில போட்டிருக்காரு. அது அடிக்கி. பாத்தா, "மவன்"ன்னு வருது. பக்கத்துல யாரும் இல்ல. நீங்களா இருந்தா என்ன செய்வீய? ... ஆங், நீங்க எடுக்கமாட்டிய. நீங்க மெட்ராஸு.

நான் எடுத்தேன். "ஸ்ஸொல்லுலே மவனே." பய சந்தேகமே படல! "அப்பா, பொண்ணு வீடு எப்படிப்பா?"ங்கான். நான் சொல்லுறேன், "பொண்ணு தங்கம்லே. ஆனா அவ அப்பன் இருக்கானே, ஸ்ஸரியான கோட்டிக்காரன். இந்த ஸ்ஸம்பந்தம் நமக்கு ஸ்ஸரிப்படாது." என்னயத்தான அண்ணாச்சி கேலி பண்ணினேன்? வேற யாரையும் ஒரு வார்த்தை சொல்லலையே? அவன் சிரிப்பான், அப்பா என்னப்பான்னு கேப்பான், நான் டக்குன்னு நம்ம கொரலுக்கு வந்து, மாப்ளே நாந்தான் ஒங்க மாமனாருன்னு சொல்லணும். அதுதான் பிளானு. ஆனா பய சிரிக்கல, "நீங்க சொன்னா சரிப்பா"ன்னான். வச்சிட்டான். நான் திருப்பிப் போடுறேன், போன் போகல. கப்பல் ஏறிட்டான். கடலுக்குள்ள போயிட்டா சிக்னலு எங்க?

நானும் அத அப்படியே விட்டுட்டேன். அவன்தான் அப்பாகிட்ட மறுபடி பேசுவானே, தெளிஞ்சிரும்னு நெனச்சேன். அவன் ஏறும்போதே ஒரு மெசேஜ் தட்டி விட்டுட்டான், "நீங்க சொன்னபடியே வேண்டாம்னு சொல்லிருங்கப்பா"ன்னு. சூசை மாமா ஊருக்குப் போயி அதப் பாக்காரு. நான் எப்பம்லே சொன்னேன்னு முழிக்காரு. அவருக்கு ஒண்ணும் ஓடல. பெறகு எவனோ சொல்லிக் குடுத்திருக்கான், அது ரேடியோ வீடுல்லா, விசாரிங்கன்னு. நேர வந்துட்டாரு. வாசல்ல நின்னுக்கிட்டு, உள்ளகூட வரல. "என் ஸ்ஸத்தத்த எடுத்து எம் மவன ஏமாத்துற வீட்டுல எனக்கு என்னய்யா ஸ்ஸம்பந்தம்?" அப்பவும் எனக்கு... என்ன செய்ய, சிரிப்பு வந்துட்டு. அடக்கினேன். முழுசா அடங்கல.

அதோட முடிஞ்சுது. நான் கேக்கேன் அண்ணாச்சி, பெத்த அப்பன் கொரலு தெரியாத பய ஒரு மாப்பிள்ளையா? இருவது வருசத்துக்கு மேல கேட்ட கொரலு. வேற ஒருத்தன் பேசினா தெரியவேண்டாமா? அந்தப் பயலுக்குப் பொண்ணக் குடுத்து என்ன செய்ய? தப்பிச்சுதுன்னு நெனச்சுக்கோம்மான்னு ஜெனோகிட்ட சொன்னேன். அவ எந்திரிச்சு அடுப்படிக்குள்ள போயிட்டா. பெறகு சகாயம் சொல்லுதா, ரெண்டு பேரும் முன்னயே பேசிப் பழகினவிங்களாம். அவளா விரும்பித்தான் வீட்டுல பேச விட்டிருக்கா. எனக்குத் தெரியாது. சொன்னாத்தானே தெரியும்? ஏன் எங்கிட்ட சொல்லலைன்னேன். சகாயம் சொல்லுதா, "நீங்க எப்பம் ஓஞ்சீங்க, அவ சொல்லுறதுக்கு?"

பொம்பளைங்க இப்படித்தான் அண்ணாச்சி, ஒரு பக்கமாவே பேசுவாவ.

அதுக்குப் பெறகுதான் ஜெர்மனி. முன்னால கூப்பிட்டப்பம்லாம் அப்பா அம்மாவ விட்டுட்டுப் போகமாட்டேன்னவ, அந்த மாசமே பாதியில விட்ட அந்த ஊரு பாஷைய மறுபடி படிக்கச் சேந்துட்டா. இஷ்ஷு, புஷ்ஷுன்னு சுவரப் பாத்துப் பேசிக்கிட்டிருப்பா. நானும் அவ மாதிரியே இஷ்ஷு புஷ்ஷுன்னேன். புஸ்தகத்த மூடிட்டா.

இந்தா, அவளேதான்! போன்ல பாருங்க, "ஜெனோ". மூணு மாசம் கழிச்சு இப்பதான் கூப்பிடுதா. சத்தமா இருக்கு, ஸ்பீக்கர்ல போடுறேன்.

"வணக்கம். தாமதத்திற்கு வருந்துகிறோம். ஒங்க அப்பா இன்னும் சற்று நேரத்தில்..."

வச்சிட்டா.

வச்சிட்டா அண்ணாச்சி. அந்தப் பொண்ணு கொரல்ல நான் வேணும்னா பேசினேன்? அது வாயில வந்துட்டு. அந்தப் பிள்ளை திருப்பித் திருப்பி சொல்லிக்கிட்டிருந்ததுல நாக்குல ஒட்டிக்கிட்டு. இப்பம் நான் போட்டா எடுக்கமாட்டேங்கா. சகாயமும் எடுக்கமாட்டேங்கா.

ஏம்மா தங்கச்சி, அந்தக் கதவ மட்டும் கொஞ்சம் தெறந்து விடம்மா. ஏணி வேண்டாம். குதிச்சிருவேன். வள்ளத்துல இருந்து குதிக்கமாட்டோமா? நடந்தே போயிருவேன் அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்கு... இல்லம்மா, சத்தம் போடல... எம் மவம்மா... சரிம்மா. உக்காந்துட்டேன்.

இந்த ஏசி காத்தயும் நிறுத்திட்டான் பாத்தியளா. தண்ணி குடிக்கியளா? நல்லா குடிங்க. எனக்கு வேண்டாம்.

இந்தா, போன் அடிக்கி. சகாயம்தான். ம், சொல்லு... ம்... ம்... போயிட்டாளா?... திரும்பிப் பாத்தாளா?... சரி... சரி, நீ அழாத. அங்கயே ஒரு ஓரமா உக்காரு. நான் வாரேன். எங்க போகப்போறேன், வந்துதானே ஆகணும்.

உள்ள போயிட்டாளாம் அண்ணாச்சி. இதுக்கு மேல நின்னா விடமாட்டேன்னுட்டானாம். கருவாட்டுக்காக பையில எடம் விட்டு வச்சிருந்தாளாம். அந்த எடத்துல என்ன வைக்கன்னு தெரியாம, தாயி சால்வைய வாங்கி வச்சிக்கிட்டுப் போயிருக்கா.

...

இல்ல, நல்லாத்தான் இருக்கேன். நீங்க ஒங்க சோலியப் பாருங்க. நாந்தான் ஒங்களப் போட்டு அறுத்துட்டேன்.

...

நகருதா? ஒரு மணி நேரம் கழிச்சு நகருற மாதிரி இருக்குல்லா? ஆமா, நகருது. கொஞ்ச தூரம்தான். மறுபடியும் நின்னுட்டான். முக்குல கொண்டு வந்து நிப்பாட்டிட்டான், நாலு ரோடு சந்திப்புல மாட்டுவண்டி நிக்க மாதிரி.

ஆத்தாடி, அங்க பாருங்க. எவ்வளவு பெரிய பிளேனு! நம்மளப் பாத்து மூக்க நீட்டிக்கிட்டு வருது. நம்ம மேல ஏத்திரமாட்டானே? நின்னுட்டான். லாஞ்சுக்காரன் வள்ளத்துக்குப் பின்னால நின்ன மாதிரியே நிக்கான். ஹாரன் மட்டும்தான் அடிக்கல. "வே, அந்தச் சொளவ அங்கிட்டு..."

போன் அடிக்கி.

ஜெனோ.

எடுக்கவா? நான் என்ன பேச அண்ணாச்சி? வாயத் தெறந்தா யாராவது வந்துருவான். நீங்க எடுத்து... இல்ல, இல்ல, நானே எடுக்கேன். ஸ்பீக்கர் போட்டுக்கிடுதேன்.

"ஹலோ. ஹலோ? அப்பா? பிளேன்ல ஏறிட்டேன். இப்பம் போனை அணைக்கச் சொல்லிருவாங்க. அம்மாவ ஒழுங்கா ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க. கேக்குதா?"

"ம். சொல்லும்மா."

"ஹலோ? யாரு பேசுறது?"

"சொல்லும்மா. கேக்குது."

"அங்கிள், இது எங்க அப்பா போனு. பக்கத்துலதான் இருப்பாங்க. கொஞ்சம் அவங்ககிட்ட குடுங்க, ப்ளீஸ்."

"அப்பாதாம்மா பேசுறேன்."

"..."

"ஜெனோ. நாந்தாம்மா."

"இது யாரு கொரலுப்பா? புதுசா இருக்கு."

"யாரு கொரலும் இல்லம்மா."

இருக்காளா, வச்சிட்டாளா? இருக்கா. மூச்சு சத்தம் கேக்குது.

"சாப்ட்டியாம்மா?"

"ம். இட்லி. நீங்க?"

"இன்னும் இல்ல. கருவாடு கொண்டாந்தேன். குடுக்க முடியல."

"பரவால்லப்பா. நாங்களும் இங்க நின்னுக்கிட்டேதான் இருக்கோம். எங்களுக்கு முன்னால ஏதோ ஒரு சின்ன பிளேன் வழியில நிக்குதாம். அது நகந்தாத்தான் போகலாமாம். எல்லாரும் அதத் திட்டிக்கிட்டிருக்காங்க. வளைவுல வரும்போது பாத்தேன், வாலுல ஒரு பச்சைக் கிளி போட்டிருக்கு."

அண்ணாச்சி. நம்ம பிளேன் வாலுல என்ன போட்டிருக்கு? ஏறும்போது பாத்தியளா? ... கிளியா? கிளிதானே? இந்த முன்சீட்டு அட்டையிலயும் கிளிதான் போட்டிருக்கு!

"ஜெனோ! அது நாந்தாம்மா! அந்தப் பிளேன்ல நாந்தாம்மா இருக்கேன்! நீ எம் முன்னாலதான் நிக்க! மூக்கு தெரியுது ஒம் பிளேனு!"

"அப்பா, வெளையாடாதீங்க."

"வெளையாடல. வெளையாடலம்மா."

"..."

"ஜெனோ, கேக்கியா? நகரும்போது ஜன்னல் வழியா பாரு. நான் கைய வச்சிருக்கேன். முன்னால இருந்து ஜன்னல எண்ணு... நாங் கொண்டாந்த மஞ்சப் பையத் தூக்கிப் பிடிக்கேன். பாரு."

"எனக்கு பயமா இருக்குப்பா."

"எனக்கும்தாம்மா. காலையில கெளம்பும்போது கம்பியப் பிடிச்சிக்கிட்டேதான் இருந்தேன். ஒண்ணும் ஆகல."

அண்ணாச்சி, கொஞ்சம் எடம் மாறிக்கிடுவோமா? பெல்ட்ட கழட்டிட்டேன், அந்தப் பிள்ளை என்ன சொன்னாலும் சொல்லட்டும். ஆங், நன்றி, நன்றி. சாமி, இந்தப் பிளேன இன்னும் கொஞ்சம் நேரம் இங்கயே நிறுத்தி வையி. கேப்டன் அண்ணாச்சி, ஒம்ம அவசரத்துல தீயப் போடும், கொஞ்சம் நில்லும். இப்பம் என்ன அவசரம்? எவனும் ஹாரன் அடிக்கலையே.

"அப்பா, ஆல்வின் நேத்து கரைக்கு வந்துட்டானாம். மெசேஜ் அனுப்பியிருந்தான். நான் இன்னும் பதில் போடல."

"ம்."

"என்ன போடன்னு தெரியலப்பா."

"ம். நீ என்ன நெனைக்க, சொல்லு. நான் கேக்கேன்."

"நான் என்ன... ஒரு நிமிசம்ப்பா. சரி மேடம், சாரி மேடம். அப்பா, அணைக்கச் சொல்லுறாங்க. பம்பாய்ல எறங்கிக் கூப்பிடுறேன். அப்பம் இதே மாதிரி பேசுங்க. என்ன? இதே மாதிரி."

வச்சிட்டா. இல்ல, கட்டாயிட்டு.

நகருது. எல, நகருதுடே. இவ்வளவு நேரம் மொளை அடிச்ச மாதிரி நின்னானே, இப்பம் நகருதான் பாருங்க. கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி, நான் இந்தப் பையத் தூக்கிப் பிடிக்கணும்... அந்தா திரும்புது. அந்தா அது பக்கவாட்டுல வருது. எத்தனை ஜன்னலு! எதுல இருக்காளோ. எல்லா ஜன்னலும் ஒண்ணு போலத்தான் இருக்கு. அந்தா, ஒரு கையி. பாத்தியளா, றெக்கைக்குப் பின்னால? ஒரு வெள்ளைத் துணி. சால்வையா அது? அவ தாயி சால்வை வெள்ளைதான். பாத்தியளா நீங்க? ... பாக்கலையா? ... நான் பாத்தேன்.

போயிட்டு.

ஓடுது, ஓடுது... தூக்கிட்டான். போயிட்டு.

...

ம்? கதவத் தெறந்துட்டானா? நின்னாச்சா? நீங்க போங்க அண்ணாச்சி. இல்ல, பரவால்ல, நீங்க மொதல்ல போங்க. அவங்களையும் போகச் சொல்லுங்க.

"ஸார், இறங்கலாம் ஸார்."

இருக்கட்டும்மா. முழுமையா நிக்கட்டும்.